ஹெட்போன் வேண்டாம் தம்பி

“ஹெட்போன் வேண்டாம் தம்பி, ஸ்பீக்கரில் போடு.”

“அண்ணே, ஹெட்போனில்தான் அழகாக இருக்கும்” என்றான் கடைப் பையன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்!

எதிரில் கோர்க் எஸ்வி-2 கீபோர்டு. பழைய மின்பியானோவின் சாயல், 73 கட்டைகள்.

ஒரே கட்டையை மெல்லத் தொட்டேன், தெளிவாக ஒலித்தது. அடிக்கும் பலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். ஓரிடத்தில் ஒலி உறுமத் தொடங்கியது. இது பின்பற்றும் பழைய மின்பியானோவான அசல் ரோட்ஸில் சுத்தியல் மெல்லிய எஃகுக் கம்பியை அடிக்கும். அருகிலுள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை வாங்கும். ஓங்கி அடித்தால் வரும் உறுமல் அங்கே பிறப்பதுதான். இதிலும் அது படிக்கட்டு ஏறுவதுபோல் துண்டு துண்டாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. பாதி மனத்தை அங்கேயே கொடுத்துவிட்டேன்.

பிறகு மோனோவுக்கு, அதாவது இடம் வலம் பிரியாத ஒரே ஒலிக்கு மாற்றச் சொன்னேன். இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்த ஒலி அசையாமல் நின்றுவிட்டது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாங்கள் வாசிக்கும் கல்யாண மண்டபங்களில் பெரும்பாலும் மோனோதான். அந்த ஆட்டத்தை நம்பிக் காசு கொடுக்க முடியாது. டோலக்கும் பேஸ் கிட்டாரும் சேர்ந்துவிட்டால் கீழ் ஒலிகள் மோதாமலிருக்க இடது கையையும் அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

திரை கிடையாது, எல்லாம் குமிழ்கள். இருட்டு மேடையில் அதுவே வசதி. எடை 17 கிலோவுக்கு மேல். அசல் ரோட்ஸ் இதன் மூன்று மடங்கு என்பதால் வாயை மூடிக்கொண்டு தூக்கலாம். (எங்கள் டிரம்மர் அப்போதும் நழுவிவிடுவார்.)

சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் நிகழ்ச்சிக்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். யாரிடமாவது நல்ல கீபோர்டு ஆம்ப் (ஒலிபெருக்கி) இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.