உடையும் குரல்

இன்று காதில் ஓடியது ஹவாய்ப் பாடகி ரயாதேயா ஹெல்மின் பாட்டு. கீழிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாவும் இடத்தில் குரல் 'டக்'கென்று உடைகிறது.

பிசிறு இல்லை அது. வேண்டுமென்றே வைத்தது.

மேற்கத்தியப் பயிற்சியில் நெஞ்சுக் குரலும் (கீழ் ஸ்தாயியின் கனத்த குரல்) தலைக் குரலும் (மேல் ஸ்தாயியின் மெல்லிய குரல்) சேரும் இணைப்பைத் தெரியாமல் மழுப்பச் சொல்வார்கள். ஹவாய்ப் பாட்டில் அந்த இணைப்பைத்தான் காட்டணும். அந்த உடைவை 'ஹாஇ' என்பார்கள்.

லேசுப்பட்ட வேலை இல்லை.

முதலில் சுருதி. மெட்டு தாவுகிற இடமும் குரல் மாறுகிற இடமும் ஒன்றாக விழணும். சுருதி இறங்கிவிட்டால் எல்லாமே நெஞ்சிலேயே ஓடிவிடும், உடைவே வராது. ஏறிவிட்டாலோ தேவையில்லாத அசையிலெல்லாம் உடையும். தாவும்போது மூச்சை அழுத்தித் தள்ளினால் கிறீச்சிடும். நெஞ்சுக் குரலின் கனத்தை அந்தக் கணத்தில் விட்டுவிடணும்; பாதி பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ரயாதேயா மொலொகாய் தீவுக்காரர். அப்பாவின் சகோதரர் ஜார்ஜ் ஹெல்மும் உச்சக்குரல் பாடகர்தான். கஹோஓலாவே தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகியதை எதிர்த்துப் போராடியவர். 1977-ல் அந்தக் கடலில் காணாமல் போனார்.

ரயாதேயாவின் முதல் ஆல்பம் 2002-ல், பதின்ம வயதிலேயே. 2005, 2007-ல் வந்த ஆல்பங்கள் இரண்டும் கிராமி பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தன.

கிராமியில் ஹவாய் இசைக்கென்று தனிப் பிரிவு இருந்ததே 2005 முதல் 2011 வரைதான். பிறகு மற்ற வட்டார இசைகளோடு ஒரே பிரிவில் போட்டுவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை.