சாம்பலில் பிறந்த ‘கே’

படிவம் 4 பிள்ளைகளுக்குத் தனிம அட்டவணையைத் தொடங்கும்போது நான் ஹைட்ரஜனுக்குப் போக மாட்டேன். உர மூட்டைக்குத்தான் போவேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ‘12-12-17-2’ என்று அச்சடித்த மூட்டை அவர்கள் வீட்டில் கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவாவது தொங்கும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கடைசியில் மெக்னீசியம். அட்டவணையில் நான்கு பெயர்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

உடனே கேள்வி வரும். “டீச்சர், என்பிகே-ன்னு சொல்றோம். பொட்டாசியத்துக்கு எதுக்கு கே?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1807இல் ஹம்ப்ரி டேவி எரிபொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சி அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். மரச் சாம்பலைக் கரைத்து, அந்த நீரைப் பானையில் வற்றவைத்து எடுத்த உப்புதான் பொட்டாஷ். ஆங்கிலத்தில் பானைச் சாம்பல் என்று பொருள். அதிலிருந்து பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். ஜெர்மானியர்கள் காலியம் என்றார்கள். அதன் வேர் அரபு மொழியில் இருக்கிறது: செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலுக்கு அரபியர் சொன்ன பெயர் ‘அல் கலீ’. சுவீடனின் பெர்சிலியஸ் 1813, 1814 வாக்கில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தபோது லத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளை எடுத்துக்கொண்டார். காலியத்தின் கே நிலைத்துவிட்டது. இரண்டு பெயர்களிலும் இருப்பது சாம்பல்தான்.

சாம்பல் என்றதும் எனக்கு அம்மா ஞாபகம். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர். அப்போதெல்லாம் ஆலையில் பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளை எரித்து, அந்தச் சாம்பலை மறுபடியும் மரத்தடியில் போடச் சொல்வார்கள். அதில் பொட்டாசியம் அவ்வளவு அதிகம். சாம்பல் போட்ட நாளில் கை எரிகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். எரியாமல் என்ன செய்யும்? அது கடும் காரம். காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அல்கலி’யும் அதே அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அம்மா பட்ட எரிச்சலுக்கும் அட்டவணையின் கே-க்கும் ஒரே வேர் என்று சொல்லும்போது வகுப்பில் ஒரு பிள்ளைகூட கைப்பேசியைப் பார்ப்பதில்லை.

அடுத்தது ஈயம். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்வேன். எங்களுக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக ஈயம் தோண்டிய இடங்களில் ஒன்று. ஆனால் நம் பேச்சில் ஈயம் என்றால் எது? பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஒரு உலோகம், கார் பேட்டரிக்குள் இருக்கும் ஈயம் வேறு உலோகம். முன்னதில் சமைக்கலாம், பின்னது நஞ்சு. அதனால்தான் முன்னதை வெள்ளீயம், பின்னதைக் காரீயம் என்று பிரித்தார்கள். ரோமானியர்களும் இதையேதான் செய்தார்கள்: காரீயம் அவர்களுக்குக் கறுப்புப் பிளம்பம், வெள்ளீயம் வெள்ளைப் பிளம்பம். எங்கேயோ இருந்த இரண்டு மக்கள், ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்! கறுப்பு பிளம்பத்திலேயே நின்றுவிட்டது, குறியீடு பிபி. வெள்ளைக்குப் பின்னாளில் ஸ்டானம் என்று தனிப் பெயர், குறியீடு எஸ்என். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று பாட்டி திட்டுவது இதனால்தான்.

சோடியத்துக்கு என்ஏ, இரும்புக்கு எஃப்இ, செம்புக்கு சியு. இவற்றுக்கு நம் நாட்டில் மெனக்கெட வேண்டாம். மலாய்ப் பாடநூலில் நாட்ரியம், ஃபெரம், குப்ரம் என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகள்தான் திணறுகிறார்கள். மலாய்ப் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள் என்பேன். தமிழ்ப்பள்ளியில் படித்த பெயரை அழிக்கச் சொல்ல மாட்டேன். மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.

சில பெற்றோர் கேட்கிறார்கள், “டீச்சர், எஸ்.பி.எம். பரீட்சையில இந்தக் கதையெல்லாம் வருமா?” கதை வராது. ஆனால் உப்புச் சோதனை வரும். காரீய நைட்ரேட்டுக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றினால் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு இறங்கும். சமன்பாட்டை எழுதச் சொன்னால் பிபி-யும் கே-யும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். போன வாரம் அதை எழுதச் சொன்னேன். எவரும் பிபி இருக்க வேண்டிய இடத்தில் எஸ்என் போடவில்லை.