15ஆம் இலக்கத்துக்குப் பக்கத்து இடம்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ" என்றார். என் விளையாட்டை அவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். திருகோணமலையில் உயர்தரம் படித்த காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நாளில் சீருடை இலக்கங்கள் 4 இல் தொடங்கி 15 இல் முடியும். நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டுவது புள்ளிக் கணக்குக்கு. அது ஆட்டக்காரனின் இலக்கத்தோடு குழம்பக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். என் முதுகில் இருந்தது 15. பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது. ஆடியதை விட வாங்கின் கடைசி முனையில் குந்தியிருந்து பார்த்ததுதான் அதிகம். அந்த முனையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். சரி என்றார் தம்பி.

தலைமைப் பயிற்றுநர் எங்களுக்குப் பெரிய சேர். உதவிப் பயிற்றுநர் சின்ன சேர். வயதில் சின்ன சேர்தான் மூத்தவர். கச்சேரியில், அதாவது அரசாங்க மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக வேலை. காலை ஐந்தரைக்கு றலி சைக்கிளில் மைதானத்துக்கு வருவார், எட்டு மணிக்குக் கச்சேரிக்குப் போவார், பின்னேரம் நாலரைக்குத் திரும்பி வருவார். சம்பளம் கிடையாது. வெளியூர்ப் போட்டிக்குக் கொடுக்கும் வழிச்செலவையும் எங்களுக்குப் பணிஸும் பிளேன்ரீயும் வாங்கித் தீர்த்துவிடுவார். 1970களின் தொடக்கத்தில், இதே கல்லூரியில் படிப்பு முடிந்த கையோடு, அப்போதைய பயிற்றுநருக்குப் பந்து பொறுக்கிக் கொடுக்க வந்தவர். அந்தப் பயிற்றுநர் இடமாற்றம் பெற்றுப் போனார். அடுத்தவர் ஓய்வு பெற்றார். மூன்றாமவர் 1983 கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போய்ச் சேர்ந்தார். எங்கள் பெரிய சேர் நாலாவது. நாலு பேருக்கும் உதவி இந்த ஒரே ஆள்.

சங்க ஒன்றுகூடல்களில் இவர் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "பாவம், அந்த மனுசனை ஒருநாளும் மேலை வர விடேல்லை" என்று சொல்லத் தவறுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

உதவிப் பயிற்றுநருக்கு என்ன வேலை என்று கேட்டால் தண்ணீர்ப் போத்தல் தூக்குவது என்பார்கள். தூக்கினார்தான். ஆட்டம் தொடங்குமுன் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுப்பது, யாருக்கு எத்தனை ஃபவுல் என்று எண்ணி வைத்து நாலாவது விழுந்ததும் பெரிய சேரின் காதில் போடுவது, புரண்ட கணுக்காலுக்குத் துணி சுற்றுவது எல்லாம் அவர்தான். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பப் பயந்த அம்மாக்களிடம் வீடுவீடாய்ப் போய்ப் பேசியதும் அவர்தான். அந்த நாளில் இது சின்ன வேலை இல்லை. வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று அம்மாக்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும்.

மைதானமும் அவர் பொறுப்பு. கடற்காற்று இரும்பைத் தின்னும். வருடத்துக்கு இரண்டு தடவை வளையத்தைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார். வலை கடையில் வாங்கியதாக ஞாபகம் இல்லை. டச்சுபே பக்கத்து மீனவர் ஒருவர் நைலோன் நூலில் முடிந்து கொடுப்பார். பந்து உள்ளே விழுந்தால் சுறா மாட்டியது போல ஒரு நொடி தொங்கிவிட்டுத்தான் கீழே வரும். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி ஊரில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் யாராவது முறித்துவிடுவோம். அதனால் ஒரேயொரு ஊசியைக் கச்சேரித் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

காற்றைப் பற்றி அவர் சொல்லித் தந்ததை எந்தப் பயிற்சி நூலிலும் நான் பார்த்ததில்லை. எங்களுடையது திறந்த வெளிச் சீமெந்துத் தளம். ஆடி மாதம் கச்சான் காற்று வீசினால் தூரத்தில் இருந்து எறியும் பந்து கடலை நோக்கி இழுபடும். மார்கழியில் வாடை அதைத் திருப்பி இழுக்கும். "கச்சானுக்குப் பலகையிலை பட்டுப் போக எறி, நேரை எறியாதை" என்பார். ஃப்ரீ த்ரோவில் கை நடுங்குகிறவனுக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வளையத்தின் குறுக்களவு 45 சென்ரிமீற்றர். பந்தின் குறுக்களவு 24. "கிட்டத்தட்ட ரெண்டு பந்து போற ஓட்டையடா. ஒண்டைப் போட ஏன் பயப்பிடுறாய்?" வளையத்துக்கு மேலே ஏறிப் பார்த்தால்தான் அது அத்தனை பெரிதாகத் தெரியும் என்று ஒருநாள் எங்களை ஒவ்வொருவராக ஏணியில் ஏற்றினார். அதிபர் அந்த நேரம் பார்த்து வந்ததும் பெரிய சேர் ஏச்சு வாங்கியதும் தனிக் கதை.

அவருடைய உண்மையான வேலை ஒரு சீ.ஆர். கொப்பியில், தடித்த அட்டை போட்ட குறிப்பேட்டில், இருந்தது. பக்கத்துக்கு ஒரு அரைத்தளம் வரைந்திருப்பார். பந்து விழுந்த எறிக்குப் புள்ளி, தவறியதற்குப் புள்ளடி. அதற்குக் கீழே வேறொரு கணக்கு: தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரிபவுண்டுக்கு யார் தன் ஆளை முதுகால் மறித்தான், யார் பந்தை வாய் பார்த்தான். "ஒருத்தன்ரை கையிலைதான் பந்து. மற்ற ஒன்பது பேரும் என்ன செய்யிறாங்கள் எண்டு பார்" என்பார் என்னிடம். முதல் மாதம் எனக்குப் பந்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல, எதிரணி 9ஆம் இலக்கம் இடப்பக்கம் போகவே மாட்டான் என்பது போன்ற சங்கதிகள் கண்ணில் படத் தொடங்கின. நான் சொல்வேன், அவர் எழுதுவார், இடைவேளையில் பெரிய சேர் அதைத் தன் வாயால் ஐந்து பேருக்கும் சொல்வார். சொன்னது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் தெரியும்.

1995 பெப்ரவரி. சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில மாதங்களில் மட்டக்களப்புக்கு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்குப் போனோம். கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றித்தான் பயணம். வாழைச்சேனை வரும்வரை பகிடி விட்டுக்கொண்டு வந்த சின்ன சேர் அங்கிருந்து வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் காரணம் சொன்னார். கிழக்கில் கூடைப்பந்தை வளர்த்தவர்களில் பெரும் பங்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்தில் இருந்து வந்த இயேசு சபைத் துறவிகளுடையது. அவர்களில் ஒருவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். லூசியானாக்காரர், 1948 இல் இலங்கைக்கு வந்தவர், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவரும் அவரோடு போன இளைஞனும் போய்ச் சேரவே இல்லை. சின்ன சேர் அவரிடம் படித்தவர் அல்ல. அவருடைய பிள்ளைகள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கொப்பியில் எழுதியவர். அவ்வளவுதான் உறவு.

நான் சொல்ல வந்தது அந்த ஆட்டத்தைப் பற்றி. புறப்படும் அன்று பெரிய சேர் கடும் காய்ச்சலில் விழுந்துவிட்டார். ஆகவே சின்ன சேர்தான் பயிற்றுநர். வாழ்நாளில் முதல் தடவை. நாங்கள் பூரித்துப் போனோம். அவரோ வழக்கம் போல வாங்கின் கடைசி முனைக்கு வந்து என் பக்கத்தில் அமர்ந்து கொப்பியை விரித்தார். நடுவர் கையெழுத்து வாங்கப் பயிற்றுநரைத் தேடி மறு முனைக்குப் போய்த் திரும்பி வந்தார். ஆட்டம் தொடங்கியது. ஒன்பது புள்ளி பின்னால் போனோம். எழுந்து நின்று கத்த வேண்டிய நேரம். இவர் குனிந்து புள்ளடி போட்டுக்கொண்டிருந்தார். நான் தோளில் தட்டி, "சேர், டைம்-அவுட்" என்றேன். "ம், கேப்பம்" என்றார். ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேச, அந்த நாளில் பாதிக்கு இரண்டாக நாலு டைம்-அவுட் எடுக்கலாம். ஒன்றும் எடுக்கவில்லை. இடைவேளையில் மட்டும் ஐந்து பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு வசனம் சொன்னார். ஐந்தும் சரியான வசனங்கள். ஆனாலும் தோற்றோம்.

பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. பொலன்னறுவை தாண்டியதும் அவரே சிரிக்கத் தொடங்கினார். "நாலு டைம்-அவுட்டையும் வீட்டை கொண்டு போறன். மனுசிக்குக் குடுக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு நிண்டுகொண்டு பார்க்கத் தெரியாதடா. இருந்தால்தான் தெரியுது" என்றார். விதிப்படியும் தலைமை, உதவி இருவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் நிற்கலாம், மற்றவர் இருக்க வேண்டும். இருப்பதற்கும் ஒரு ஆள் தேவை. முப்பது வருடத்துக்கு மேல் அதை விரும்பிச் செய்த ஒருவரை நாங்கள் பாவம் என்கிறோம்.

அந்த ஏப்ரல் 19 இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டன. சண்டை மீண்டது. மாலைப் பயிற்சி நின்றது. நான் அடுத்த வருடம் நாட்டை விட்டு வந்தேன்.

இங்கே என் மகளின் பள்ளி அணிக்கு மூன்று உதவிப் பயிற்றுநர்கள். ஆளுக்கொரு கைக்கணினி. அதில் அரைத்தளம், புள்ளி, புள்ளடி எல்லாம் உண்டு. பார்த்ததும் சிரிப்பு வந்தது.

போன வருடம் ஊருக்குப் போகுமுன் சேருக்குத் தொலைபேசி எடுத்து என்ன கொண்டுவர என்று கேட்டேன். சப்பாத்து, பந்து, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "காத்தடிக்கிற ஊசி" என்றார்.

பின்னேரம் மைதானத்தில் சந்தித்தோம். மூலை மரநிழலில் மான்கள் படுத்திருந்தன. புதிய பயிற்றுநர், இளம்பெடியன், தளத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். சேர் மதிலோரக் கதிரையில் கொப்பியோடு இருந்தார். ஊசிப் பெட்டியை வாங்கி உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். பத்து. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு, "ஊசி 10" என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போடாமல் 15 என்று போட்டார். ஒன்பதைப் பெட்டியில் போட்டு மூடினார். ஒன்றைத் தாளில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அந்த 7ஆம் இலக்கத்தைப் பார். வலக்காலை ஊண்டுறான் இல்லை" என்றார்.

நானும் பார்த்தேன். ஊன்றவில்லைதான்.