அப்பாவின் சான்ட்ரோவும் பதினைந்து வயது பெல்ட்டும்

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அம்மாவுக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கே கேட்டார். வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் வேண்டாம், ஆவணி பிறந்ததும் போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து பெரிய தூரம் இல்லை. ஆனால் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு. போவது அப்பாவின் சான்ட்ரோ ஜிங்கில். 2009-இல் வாங்கியது. மீட்டரில் இன்று 52,310.

வண்டி என் கைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிரேக், டயர், பேட்டரி எல்லாம் பார்த்துவிட்டேன். எஞ்சினின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் காக்கும் டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று இன்றுதான் கேட்கத் தோன்றியது. அப்பா தன் பெட்ரோல் நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும், ஒவ்வொரு சர்வீசும், தேதியோடும் கிலோமீட்டரோடும் அவர் கையெழுத்தில் இருக்கும். முழுக்கப் புரட்டினேன். 2016-இல் பேன் பெல்ட் மாறியிருக்கிறது. டைமிங் பெல்ட் என்ற சொல்லே எங்கும் இல்லை.

ஒருவேளை பில்லில் இருக்குமோ என்று பீரோவில் இருந்த பழைய கட்டை எடுத்தேன். அதில் போட்டிருந்த ரப்பர் பேண்டை இழுத்ததும் இரண்டாக விட்டுப்போனது. பாதி காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. யாரும் தொடாமல் பீரோவுக்குள்ளேயே இருந்த ரப்பர் அது.

5 ஆகஸ்ட், திங்கள்

அப்பாவின் கணக்கு இப்படி: "அறுபதாயிரம் ஓடினா மாத்தணும்னு வாங்கும்போதே சொன்னாங்க. இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கு. நாம ஓட்டுற ஓட்டத்துக்கு ரெண்டு வருஷம் தாராளமா வரும்."

கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. வருடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு கூட ஓடாத வண்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி. கிலோமீட்டரை மீட்டர் எண்ணுகிறது. பானெட்டுக்குள் வெந்து ஆறி, வெந்து ஆறி, மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் நின்ற பதினைந்து வருடத்தை யார் எண்ணுவது? பழைய டீசல் இன்னோவாவில் இதற்கென்றே டேஷ்போர்டில் ஒரு விளக்கு உண்டு. அதுவும் கிலோமீட்டரைப் பார்த்துத்தான் எரியும். நம் வண்டியில் அதுவும் இல்லை.

அந்த பெல்ட் செய்யும் வேலையை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது. பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் போகும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இந்த எஞ்சினில் 12 வால்வு. பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகிவிட வேண்டும். அந்த ஒழுங்கு மொத்தமும் இரண்டு விரல் அகல ரப்பர் பட்டையை நம்பி இருக்கிறது. அது அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் வேகத்தில் இன்னும் சுற்றும். திறந்து நின்ற வால்வில் பிஸ்டன் போய் முட்டும்.

எதிர்வீட்டு அண்ணனின் பழைய காருக்குப் போன வருடம் இதுதான் நடந்தது. காலையில் சாவியைத் திருப்பினார், "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்டைப் பிரித்து வால்வு மாற்றி, லேத்துக்குப் போய் வந்து, 24,000 ரூபாய். அவர் வண்டி வாசலிலேயே நின்றிருந்தது என்பதுதான் அதில் ஒரே ஆறுதல்.

7 ஆகஸ்ட், புதன்

வேலை முடிந்து மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அப்பா காலத்திலிருந்து வண்டியைத் தெரிந்தவர். மேல் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பெல்ட்டின் முதுகு கன்னங்கரேலென்று, முழுசாக, நன்றாகவே இருந்தது. எழுத்து மட்டும் அழிந்துவிட்டது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"முதுகைப் பாத்தா அப்படித்தான்மா தெரியும். அறுந்து வந்த வண்டியில பாதிக்கு மேல மொத நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள நூல் எப்படி இருக்குன்னு வெளியில யாரால சொல்ல முடியும்?"

விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார். ஓரிடத்தில் மெல்லிய நூல் பிரிந்து நின்றது. கீழே கிராங்க் பக்கம் லேசாக எண்ணெய் ஈரம். எண்ணெயை உள்ளே நிறுத்தும் ஆயில் சீல் கசிகிறதாம். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போய்ச் சீக்கிரம் கெட்டுவிடும் என்றார். வண்டியை அங்கேயே விடுவதா என்று யோசித்து, அப்பாவிடம் சொல்லாமல் செய்ய மனம் வராமல், மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

8 ஆகஸ்ட், வியாழன்

அப்பா பாதி வழிக்கு வந்துவிட்டார். "மாத்தணும், சரி. கொல்லிமலை போயிட்டு வந்து மாத்திக்கலாமே?"

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டவுனுக்குள் அறுந்தால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். மலையில் இரண்டாவது கியரில் எஞ்சின் இழுத்துக்கொண்டு ஏறும்போது அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும். பவர் ஸ்டியரிங் போய் சக்கரம் கல்லாகக் கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் ஒன்றிரண்டு மிதி கிடைக்கும். அப்புறம் முழுபலத்தோடு மிதிக்க வேண்டும். பின்னால் பஸ் வரும். பக்கத்து சீட்டில் அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சனிக்கிழமை விடு" என்றார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

முதல் ஸ்பேர்ஸ் கடையில் கொடுத்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். விலை ஸ்டிக்கரில் பேக் செய்த மாதம்: 2017. ஏழு வருடம் அலமாரியில் கிடந்த ரப்பரையா கொண்டுபோய் மாட்டுவது? கடைக்காரர், "பிரிக்காத பெட்டிங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். வாங்கவில்லை. அடுத்த கடையில் இந்த வருடம் மார்ச் போட்டது கிடைத்தது. பெல்ட், அதைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனர், கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் சேர்த்து 2,640 ரூபாய். பெல்ட் மட்டும் போதும் என்று முதலில் நினைத்தேன். டென்ஷனரின் பேரிங்கும் 2009-தான். அது சுற்றாமல் இறுகினால் புது பெல்ட்டையும் அறுத்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பிரிக்கும் கூலியும் ஒரே கூலி.

10 ஆகஸ்ட், சனி

காலை ஒன்பது மணிக்கு விட்டேன். அப்பாவும் கூடவே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வலது முன்சக்கரம் கழன்றது. கிராங்க் புல்லி போல்ட் அசைய மறுத்து, ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி இரண்டு பேர் அழுத்தினார்கள். பழைய பெல்ட் வெளியே வந்ததும் அண்ணன் அதைப் பின்பக்கமாக வளைத்தார். பல்லுக்குப் பல் இடையில், அடியோடு, பித்தவெடிப்பு போல விரிந்தது. முதுகில் ஒரு கீறல் இல்லாத அதே பெல்ட். அப்பா அதை வாங்கி, அவரும் ஒருமுறை வளைத்துப் பார்த்தார். பழைய டென்ஷனரை விரலால் சுற்றினால் கரகரவென்று வறண்ட சத்தம். புதியது சத்தமே போடவில்லை. வாட்டர் பம்பில் ஆட்டமோ கசிவோ இல்லை, அதை விட்டுவிட்டோம். சில கார்களில் அந்தப் பம்பையும் இந்த பெல்ட்தான் சுற்றும்; அங்கே சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

கேம் புல்லியிலும் கிராங்கிலும் குறிகளைச் சேர்த்து, பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை விட்டார். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் கையாலேயே எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி குறியைப் பார்த்தார். ஒரு பல் தள்ளியிருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. பேசாமல் கழற்றி மறுபடி மாட்டினார், மறுபடி இரண்டு சுற்று. இந்த முறை இரண்டு குறியும் நேருக்கு நேர். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கூலி 1,800. வீட்டுக்கு வந்ததும் அப்பா நோட்டில் எழுதினார்: "10.8.24 – 52,346 – டைமிங் பெல்ட், டென்ஷனர், 2 சீல்." கீழே, நான் கேட்காமலேயே, "அடுத்தது: 2029 அல்லது 1,00,000, எது முதலோ."

18 ஆகஸ்ட், ஞாயிறு

போய் வந்தாயிற்று. வளைவுப் பலகைகளில் இருந்த எண்களை அம்மா எழுபது வரைக்கும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைத்தான் அடிக்கடி பார்த்தேன், பாதியிலேயே நின்றது. நல்ல தரிசனம்.

இறங்கி வந்து காரவள்ளியில் டீ குடித்தபோது, கொஞ்சம் ஆறியதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். கிளாம்ப் பக்கத்தில் விறைத்திருக்கிறது. நோட்டில் அதற்கும் பதிவு இல்லை. செவ்வாய்க்கிழமை அண்ணனிடம் விட வேண்டும்.