அதிர்வுத் தட்டும் அறுபது தாண்டிய தொடையும்

ஜூன் 3, செவ்வாய், சென்னை

அறுபது தாண்டியவரைத் தசைப் பயிற்சிக்காக அதிர்வுத் தட்டில் (மேலும் கீழுமாக வேகமாக அதிரும் மேடை) ஏற்றுவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைவு என்பது ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறை. கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தாலும் சந்தேகம்தான். தையல் டேப்பே போதும். எடை மெஷினை நம்ப வேண்டாம். கரைந்த தசையின் இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் முள் அசையாது.

பேஸ்மேக்கர், மாற்று மூட்டு, காலில் ரத்தக்கட்டி, சமீபத்திய எலும்பு முறிவு, சிறுநீரகக் கல் இருந்தால் ஏற்றவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குக் கல் தொந்தரவு சகஜம், மறக்காமல் கேளுங்கள்.

ஜூன் 6, வெள்ளி

முட்டியை நேராகப் பூட்டி நின்றால் அதிர்வு தலைவரை ஏறும். பல் கிடுகிடுக்கும், பார்வை மங்கும். 30 டிகிரி மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்தால் தொடையும் கெண்டையும் அதை வாங்கிக்கொள்ளும். தடித்த ஷூ வேண்டாம். ஈரப் பாதமும் ஆகாது, வழுக்கும்.

தொடக்கத்துக்கு 25 முதல் 30 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வு), 1 மி.மீ. வீச்சு (தட்டு நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் நகரும் தூரம்). 30 விநாடி நின்று ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி 6 சுற்று, வாரம் 3 நாள். 30 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. என்பதே புவியீர்ப்பைப்போல 3.6 மடங்கு முடுக்கம்! வீச்சு இரட்டித்தால் முடுக்கமும் இரட்டிக்கும். ஹெர்ட்ஸ் இரட்டித்தால் நான்கு மடங்கு.

வீட்டு மெஷின்கள் பலவற்றில் 1 முதல் 99 வரை எண்தான் இருக்கும், ஹெர்ட்ஸ் தெரியாது. தட்டின் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, போனில் விநாடிக்கு 240 படம் பிடிக்கும் ஸ்லோமோஷனில் எடுங்கள். புள்ளி ஒருமுறை மேலே போய்க் கீழே வர 8 படம் ஆனால் 30 ஹெர்ட்ஸ்.

ஜூன் 12, வியாழன்

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 60 தாண்டிய ஆண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. தசை அளவு 3.4% கூடியது. ஆனால் அவர்கள் தட்டில் சும்மா நிற்கவில்லை, ஸ்குவாட் செய்தார்கள். தட்டில்லாமல் வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். தசையைக் கூட்டுவது முட்டி மடக்கி எழும் உழைப்பு. தட்டு அதற்குத் துணை மட்டுமே.

ஜூன் 24, செவ்வாய்

இட்லி மட்டும் சாப்பிட்டுத் தசை வளராது. 60 கிலோ முதியவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

12 வாரம் கழித்து அதே நாற்காலியில், அதே உயரத்தில் மறுபடி விநாடி எண்ணுங்கள். பயிற்சியின் நடுவே, மூன்றாவது சுற்றிலேயே முட்டி தானாக நேராகத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.