எட்டுக் கிண்ணமும் ஒரு கை புளியமுத்தும்

ஜூன் 14, சனி

நேற்று ஆறாம் வகுப்பில் என் விளையாட்டு எடுபடவில்லை. தாமிரபரணியைப் பற்றி நாற்பது கேள்வி அட்டை எழுதி, பரமபதம் மாதிரி கட்டம் வரைந்து, தாயக்கட்டையும் கொண்டு போயிருந்தேன். ஆற்றில் எத்தனை அணைக்கட்டு? எட்டு. பாபநாசம் அணை எத்தனை அடி? 143. பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தாயம் மட்டும் போட்டு ஆடினார்கள். பரீட்சைத் தாளைக் கிழித்துக் கட்டத்துக்குள் ஒட்டியிருக்கிறேன், வேறென்ன!

கணக்கு சார் பார்த்துவிட்டு, "கேள்விய எடுத்திருங்க டீச்சர். தண்ணி எப்படிப் போகுதுன்னு அவங்க கையே செய்யட்டும். பல்லாங்குழி இருக்குல்லா?" என்றார். குழிக்குக் குழி முத்துப் போட்டுக்கொண்டே போவது, குளத்துக்குக் குளம் தண்ணீர் நிரம்புகிற மாதிரிதானே. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

ஜூன் 22, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போனேன், சொப்பு கடைகிற பட்டறைக்கு. ஒரே பலகையில் எட்டுக் குழி வரைந்த தாளை நீட்டினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இது தச்சு வேலைல்லா டீச்சர். கடைசல்ல உருண்டையாத்தான் வரும். தனித்தனிக் கிண்ணம்னா எட்டு கடைஞ்சு தாரேன்" என்றார். முகம் வாடிப்போய் உட்கார்ந்தேன்.

சுழல்கிற மரத்தில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி, வளையம் வளையமாக நிறம் ஏறியது. "எந்த வயசுப் பிள்ளைக?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "அப்ப மூணு விரல் சேந்தாப்ல உள்ள போகணும். அடி குழிவா இருக்கணும். தட்டையா வச்சா கடைசி முத்து மூலையில ஒதுங்கிக்கிடும், பிள்ள தோண்டிக்கிட்டே இருக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. கிண்ணம் தனித்தனி என்றால் ஆளுக்கொன்று மடியில் வைத்துக்கொள்ளலாம். பலகையே வேண்டாம். வரிசையாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்தான் ஆறு.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. கூட்டத்துக்குப் போகாமல் கணக்கு சார் வீட்டுக்குப் போய்விட்டேன். அவருடைய அப்பா நெடுங்காலம் ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். பத்தமடைப் பாயில், அணைக்கட்டுக்கு ஒன்றாக, மேலிருந்து கீழாகக் கிண்ணங்களை வைத்தோம்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். சோழி உருட்டி, எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு முத்து மேலே உள்ள முதல் கிண்ணக்காரருக்கு. அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடலாம். கடைசியில் யாரிடம் அதிகமோ அவருக்கு ஜெயம்.

மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் முதல் கிண்ணம்தான் ஜெயித்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு ரெண்டு முத்து. தொடக்கத்திலேயே கீழே உள்ளவர்களுக்குக் கூடக் கொடுத்துவிடலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐயா கையமர்த்தினார்.

"கடைமடைக்காரன் காஞ்சு கெடக்கையில மேமடைக்காரன் ஜெயிச்சான்னா சொல்லுதீய? தண்ணி கொறஞ்சா முறை வச்சு விடுவோம் டீச்சரம்மா. இந்த மடைக்கு ராத்திரின்னா அந்த மடைக்குப் பகல்."

அப்படியே எழுதிக்கொண்டேன். புது விதி: பிசான நெல் பருவம் முடியும்போது எந்தக் கிண்ணத்திலாவது மூன்று முத்துக்குக் குறைவாக இருந்தால் எட்டுப் பேருக்கும் தோல்வி. யார் எப்போது எடுப்பது என்ற முறையை அவர்களே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிய நாற்பது அட்டையில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

வகுப்பில் ஒரே சத்தம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுவது கன்னடியன் கால்வாய் என்பதால் அந்தக் கிண்ணத்துக்கு அடிதடி. மருதூரை வைத்திருந்த பிள்ளை எழுந்து நின்று, "எனக்கு மேலக்கால், கீழக்கால்னு ரெண்டு கால்வா இருக்கு டீச்சர், ரெண்டு பங்கு வேணும்" என்றாள். நான் அதைச் சொல்லித் தரவே இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் ஸ்ரீவைகுண்டத்துக்காரன் விடுவானா? அவனுக்கும் வடகால், தென்கால் உண்டு! எட்டுப் பெயரும் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. ஒருவரையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

இன்று நடந்ததை மறக்க மாட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து இந்த வருஷம் வந்து சேர்ந்த பையன், மெல்லத்தான் பேசுவான். "எப்பவும் தண்ணி கம்மியாத்தான் வருமா டீச்சர்? எங்க வீட்டுல கழுத்தளவு வந்துச்சே" என்றான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதை எப்படி விட்டோம்? சார், நான், ஐயா மூன்று பேருமே பஞ்சத்தை மட்டும் நினைத்திருக்கிறோம்.

விதியைப் பிள்ளைகளே வைத்தார்கள். ஒரு கிண்ணத்தில் பன்னிரண்டு முத்துக்கு மேல் சேர்ந்தால் கரை உடையும். ஆடத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். இதுவரை "விடு, விடு" என்று கத்திய கடைமடை இப்போது மேலே பார்த்து "எடுங்க, இன்னும் எடுங்க" என்று கெஞ்சுகிறது. மேல் கிண்ணங்கள் தங்கள் வாய் நிறைய வாங்கிக்கொண்டன. கரை உடையவில்லை.

மணி அடித்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த விதி இருக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர். ஆனா அடுத்த தடவ நான் மேல உக்காருதேன்" என்றான். சரி என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே யாரோ ஒரு சிரட்டையை வைத்திருந்தார்கள். கேட்டால், "அது புன்னைக்காயல், ஆறு கடல்ல சேரணும்லா?" என்கிறார்கள். அதற்குள் விழுகிற முத்துக்கு என்ன கணக்கு? சார் கழிக்கலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. கடலுக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர்ந்தால்தான் ஆட்டம் முடிய வேண்டும் என்று ரெண்டு பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐயாவிடம் போவதாகப் பேச்சு.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஒன்பதாவது கிண்ணம் கேட்டேன். "என்ன கலர் போடட்டும்?" என்றார். பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.