வயிறும் சீனியும் வேறு வேறு இல்லை

எனக்குப் பெருங்குடலில் புண் வருகிற வருத்தம். கிளினிக் கொப்பியில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று எழுதியிருக்கிறது. கல்லடியில் எங்கள் பக்கத்தில் இதை வயிற்றுக்குத்து, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அப்படி இல்லை. கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே குடலின் உட்சுவரோடு சண்டை பிடிக்கிறது. இரத்தம் போகும். கக்கூசை விட்டுத் தூரப் போகவே பயமாக இருக்கும்.

கடைசியாகக் கிளர்ந்தபோது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை தந்தார்கள். இரத்தம் நின்றது. ஆனால் பசி! இரவில் எழும்பிப் போய், மிஞ்சின பிட்டில் எருமைத் தயிரை விட்டுச் சீனியும் தூவி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவேன். அந்தக் குளிசை பசியைக் கிளப்புவதோடு விடாது. ஈரலை அதிகம் குளுக்கோஸ் விடவைக்கும், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். கொழுப்பு வந்து சேருவது முகத்திலும் வயிற்றிலும். "இப்பதான் மகள் ஆள் தேறியிருக்கிறாய்" என்று மாமி சந்தோசப்பட்டா. இரத்தப் பரிசோதனையில் சீனி ஏறியிருந்தது.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 போன்ற அழற்சிப் பொருட்களை அதுவும் சுரக்கிறது. இந்த வருத்தத்துக்குத் தருகிற இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி அடக்கப் பார்ப்பது இதே டி.என்.எஃப்.ஐத்தான்! நிறை கூடியவர்களின் உடம்பிலிருந்து அந்த மருந்து சீக்கிரம் வெளியேறிவிடுவதும் உண்டு. குரோன் என்பதும் இதைப் போன்ற இன்னொரு குடல் வருத்தம். அதில் இன்னொன்று: கொழுப்பு குடலையே சுற்றிப் படரும், ஒப்பரேஷன் செய்கிறவர்கள் கண்ணால் காண்கிறார்கள். இரத்தச் சீனி ஏறிக் கிடந்தால் குடல் சுவரின் செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கம் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய கிருமித் துணுக்குகள் கசிவதை எலிகளில் செய்த ஆய்வு 2018இல் காட்டியது.

நம் ஆட்களுக்கு இது கூடுதல் கவலை. கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு. அதனால்தான் தெற்காசியருக்கு இடுப்பளவின் எல்லையை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். தராசை மட்டும் நம்பாமல் தையல்காரரின் நாடாவையும் எடுங்கள்.

குடலுக்கு ஒரு கிளினிக், சீனிக்கு இன்னொன்று, இரண்டு கொப்பி. நான் இரண்டையும் இரண்டு இடத்துக்கும் கொண்டுபோகிறேன். ஒரு டொக்டர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

வருத்தம் அடங்கியிருக்கும் நாட்களில் குரக்கன் பிட்டு, தவிட்டோடு சிவப்பரிசிச் சோறு, பின்னேரம் கடற்கரையில் நடை. நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் புளிக்கவைத்து பியூட்டிரேட் ஆக்கும். பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான், எதிர்ப்புச் சக்தியை அமைதிப்படுத்தும் செல்களுக்கும் அது துணை. ஆனால் இரத்தம் போகிற நேரத்தில் இதே குரக்கன் எனக்கு ஒத்துவராது. அப்போது குழையக் காய்ச்சிய கஞ்சிதான். குடல் சுருங்கியிருக்கிறவர்கள் நார்ச்சத்தைக் கூட்டுமுன் டொக்டரிடம் கேட்க வேண்டும். அப்புறம், சீனி ஏறுகிறதே என்று பிரெட்னிசோலோனை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் தந்தவர் சொல்கிறபடி.